முந்திரிச் சாக்கில் வெங்காயம்

யாழினி, முகிலன், இரண்டு பேரும் கேளுங்கள். அப்பா இந்தியாவிலிருந்து என்ன கொண்டுவந்தேன் என்று பெட்டியைக் குடைந்து பார்த்தீர்கள். முறுக்குப் பொட்டலமும் வளையலும் கிடைத்தன. அங்கே என்ன செய்தீர்கள் என்று யாழினி கேட்டாள். "வெங்காயம் பார்த்தேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவ்வளவுதான் என்றும் இல்லை. மூன்றாம் படிவம் வரை படித்தவன் நான், எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

கிள்ளானில் நான் வேலை பார்க்கும் கிடங்குக்குச் சின்ன வெங்காயம் இந்தியாவிலிருந்து சிவப்பு வலைப்பையில் வருகிறது. வலைப்பை என்றால் பிளாஸ்டிக். கோலாலம்பூரில் நாங்கள் காய்கறி கொடுக்கும் ஒரு பெரிய ஓட்டலில், இனிமேல் வயலிலிருந்து வாசல் வரை பிளாஸ்டிக் படாத வெங்காயம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சணல் சாக்கில் வரட்டும், பழைய சாக்காக இருந்தால் இன்னும் நல்லது என்றார்கள். முதலாளி அவர்களிடம் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தமிழ் வரும். போய்ப் பக்கத்தில் நின்று, சாக்கில் கட்டி ஏற்றிவிட்டு வா."

அவர் பேசியது மலாய். தமிழில் எழுதியிருக்கிறேன். பையை மாற்றுவதில் என்ன இருக்கிறது, ஒரு நாள் வேலை என்று நானும் நினைத்தேன்.

நம் குடும்பத்தில் யாரோ ஒருவர் அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறியதாகச் சொல்வார்கள். எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அதைத் தேடி நான் போகவும் இல்லை.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. திங்கட்கிழமை திருச்சியில் சென்னை பஸ் ஒன்றில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் என் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "ஊருக்குள்ள போவாதுங்க, நாலு ரோட்டுல எறங்கிக்கங்க" என்றார். அதே மாதிரி பெரிய ரோட்டின் ஓரத்தில் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நம் ஊர் வெயில் ஈரத்துணி மாதிரி உடம்பில் ஒட்டும். அங்கே வியர்வை வெளியே வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. சட்டையில் உப்புதான் மிச்சம்.

பக்கத்தில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டேன். சாம்பாரில் கரண்டிக்கு நாலைந்து முழுச் சின்ன வெங்காயம் விழுந்தது. நம் ஊரில் ஒரு தட்டுக்கு இரண்டு மிதந்தால் கடைக்காரருக்குப் பெரிய மனசு என்போம். டீ மட்டும் ஒரே மடக்கு. பெரிய கிளாஸில் ஆற்றித் தரும் தே தாரிக் குடித்துப் பழகியவன் இரண்டாவது கேட்டேன், மூன்றாவதும் கேட்டேன். "சாருக்குச் சொம்புல குடுத்துடவா?" என்றார் டீ போட்டவர்.

சரோஜா என்னை அழைத்துப்போக ஸ்கூட்டரில் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். செட்டிகுளம் போகும் வழியில் ஒரு கிராமத்தில் கொட்டகை போட்டு, விவசாயிகளிடம் வெங்காயம் வாங்கி, தரம் பிரித்துக் கட்டி அனுப்புகிறார். இதுவரை எல்லாம் ஒரு கமிஷன்காரர் மூலமாகத்தான் வெளியே போனது. முதல் தடவையாக ஒரு கன்டெய்னரை அவரே நேராக எங்களுக்கு அனுப்புகிறார். சனிக்கிழமை கன்டெய்னர் வரும்.

"இது நல்லபடியா போயிட்டா அடுத்ததும் என்னுதுன்னு ஒங்க மொதலாளி சொல்லிருக்காருண்ணே. போவலன்னா மறுபடியும் கலியபெருமாள் மாமா வூட்டு வாசல்ல போயி நிக்கணும்" என்றார். ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்திருந்தார்கள். பட்டறை என்றால் தரையில் படாமல் குச்சிகளை அடுக்கி, சுற்றிலும் காற்று புகும்படி கட்டி, மேலே ஓலை வேய்ந்த நீளமான மேடை. மாசி மாதம் பிடுங்கிய வெங்காயம் சித்திரையிலும் கல் மாதிரி இருந்தது. மழை பட்டால்தான் ஆபத்து. வானத்தில் சாயங்காலமானால் கருப்பு கட்டியது. கோடை மழை எந்த நாளும் வரலாம் என்றார்கள்.

நிழலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து தாளும் வேரும் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஏன் எல்லோரும் வலையிலேயே கட்டுகிறீர்கள் என்று சரோஜாவைக் கேட்டேன்.

"வலையில காயி கண்ணுக்குத் தெரியும்ணே. சாக்குல கட்டுனா, மேல நல்லதப் போட்டு அடியில என்னத்த வெச்சிருக்காளோன்னு வாங்குறவன் அவுத்துக் கொட்டிப் பாப்பான். கொட்டுனத யாரு திரும்ப அள்ளுறது?"

அஞ்சலை என்ற பெண், அவர்களில் வாய் அதிகம், "அவனையே அள்ளச் சொல்லுங்கக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சாக்கு வாங்கப் பெரம்பலூர் கடைத்தெருவுக்குப் போனோம். கடை நிறைய வலைப்பை. சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, எந்த அளவு கேட்டாலும் உண்டு. சணல் சாக்கு கேட்டதும் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"சின்னச் சாக்கு கல்கத்தாலேருந்து வரணுங்க. ஒரு லோடு எடுக்குறதா இருந்தா சொல்லிவுடறேன். வர்ற வரைக்கும் ஒங்க காயி தாங்குமா?"

"மொளச்சுப் பூவே வெச்சுடும்" என்றார் சரோஜா.

கடைக்காரர் யோசித்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு பழுப்புச் சாக்கைக் கொண்டுவந்து விரித்தார். "இது பிளாஸ்டிக்குதான். ஆனா கலரு பாருங்க, அச்சு அசல் சணலாட்டமே இருக்கும். வெளிநாட்டுக்காரன் கண்டுபுடிக்க மாட்டான்." வெளிநாட்டுக்காரன் எதிரிலேயே நிற்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கமிஷன்காரர் கலியபெருமாள் மோட்டார் சைக்கிளில் வந்து, இறங்காமலே காலை ஊன்றி நின்றார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன்.

"என்னா மருமவளே, சாக்கு யாவாரத்துல எறங்கிட்டியாமே?"

"ஆமாம் மாமா. ஒங்களுக்கும் ஒண்ணு தெச்சுத் தரவா, போத்திக்கிட்டுப் படுக்க?"

அவர் சிரித்தார். பிறகு பட்டறைப் பக்கம் பார்த்து, "மழ வந்துடும் போலருக்கு. மொளவுட்ட காயி எனக்கும் வேணாம். குடுக்கறதா இருந்தா இப்பவே குடுத்துடு" என்றார். வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு சரோஜா, "எனக்கு ஒரு ஆளத் தெரியும்ணே, முந்திரி ஃபேக்டரி வெச்சிருக்காரு. கொட்ட வந்த பழைய சாக்கு கெடக்கும். நாளைக்கு வரதராசன்பேட்டை போயிட்டு வரலாம்" என்றார்.

புதன்கிழமை விடியுமுன்னே பயணம். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள், ஒன்றன் பின்னால் ஒன்று. நம் ஊரில் எண்ணெய்ப்பனை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதைப் போல அங்கே இதற்குப் பின்னால். ரோட்டோரப் புளியமரங்கள் மாவில் புரட்டி எடுத்த மாதிரி வெளுத்து நின்றன. பாதி வழியில் எங்கள் பஸ்ஸில் ஏதோ பட்டென்று அறுந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி, ஒன்றும் பேசாமல் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பின்னால் வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வழக்கம். பஸ் உள்ளே திரும்பும்போதே ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ சீட்டில் போட்டுவிடுகிறார்கள். பிறகு நிதானமாக ஏறி, துண்டு கிடக்கும் இடத்தில் உட்காருகிறார்கள். யாரும் சண்டை போடுவதில்லை. நானும் பார்த்துவிட்டு, ஜெயங்கொண்டம் பஸ் என்று நினைத்து என் தொப்பியை ஒரு ஜன்னலுக்குள் போட்டேன். பஸ் நிற்காமல் மறுபக்கமாக வெளியே போய்விட்டது.

"அது ஷெட்டுக்குப் போற வண்டிங்க" என்றார் பக்கத்தில் பூ விற்றவர். "ஒங்க தொப்பிக்கு இன்னிக்கு லீவு."

ஜெயங்கொண்டத்தில் பரோட்டா சாப்பிட்டு, வேறு பஸ் பிடித்துப் போனோம். இரண்டு பக்கமும் முந்திரி மரங்கள், தரையைத் தொடும் கிளைகள். பழ சீசன். ஒரு பாட்டியிடம் வாங்கிக் கடித்தேன். முதலில் இனிப்பு, பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டது. ஊர் வரும்வரை செருமிக்கொண்டே வந்தேன்.

அருள்தாஸ் வரதராசன்பேட்டையில் முந்திரிக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் சிறிய ஃபேக்டரி வைத்திருக்கிறார். மெதுவாகப் பேசும் மனிதர். ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை சணல் சாக்கில் வருகிறது. "இந்தச் சாக்கே நம்ம நாட்டுப் பக்கம் தெச்சதாம் சார். வெறும் சாக்காப் போயி, கொட்டையோட திரும்பி வருது" என்றார். ஆனால் அவரும் பருப்பை பிளாஸ்டிக்கில்தான் அடைக்கிறார். காற்று பட்டால் பருப்பு நமுத்துவிடும், புழு வைத்துவிடும், அதனால் காற்றை உறிஞ்சிவிட்டு மூடுகிறார்கள். காற்று பட்டால் கெடும் பருப்பும் பிளாஸ்டிக்கில் போகிறது. காற்று படாவிட்டால் கெடும் வெங்காயமும் பிளாஸ்டிக்கில்தான் போகிறது. நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. வேலை செய்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார்கள். அருள்தாஸ் எங்களையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சரோஜா, "நாங்க பொறுக்கிட்டிருக்கோம்ணே, நீங்க போயிட்டு வாங்க" என்றார். ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த சாக்குக் குவியலை அருள்தாஸ் காட்டிவிட்டுப் போனார்.

அந்தக் குவியலில் நல்லதும் இருந்தது, எலி கடித்ததும் இருந்தது. வெங்காயக்காரர்கள் சாக்கை எடுத்ததும் முதலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை பார்ப்பார்கள், பிறகு இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பார்கள். சரோஜா அப்படியே செய்தார். நானும் செய்தேன். சற்றுத் தள்ளி, தகரக் கூரைக்குக் கீழே இன்னொரு குவியல் இருந்தது. கொஞ்சம் கருப்பு நிறம். ஒன்றில்கூட எலி வாய் வைக்கவில்லை. தோல் மாதிரி வழுவழுவென்று, இழுத்தால் அசையவில்லை.

"நல்லதெல்லாம் தனியா எடுத்து வெச்சிருக்காரு பாருங்கண்ணே, கெட்டிக்காரரு" என்றார் சரோஜா. இரண்டிலும் கலந்து எடுத்துக் கட்டினோம். அருள்தாஸ் திரும்பி வந்தபோது கட்டுகள் நாங்கள் வாடகைக்குப் பிடித்த குட்டியானையில் ஏறிவிட்டிருந்தன. குட்டியானை என்றால் பயந்துவிடாதே முகிலா, அங்கே சின்ன லாரியை அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் சரோஜாவும் அதிலேயே டிரைவர் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு பெரம்பலூர் வந்து சேர்ந்தோம்.

வியாழக்கிழமை முழுவதும் வேலை. பெரிய சாக்கைக் குறுக்கே வெட்டி, கோணி ஊசியால் அடியைத் தைத்து, வெங்காயம் நிரப்பினார்கள். ஆளுக்கு ஒரு பாட்டு, ஒரு வசை. மத்தியானம் கம்பங்கூழும் கடித்துக்கொள்ளப் பச்சை வெங்காயமும் கொடுத்தார்கள். சாயங்காலம் மூட்டைகளை அடுக்கிப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. நான் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் அஞ்சலை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி வந்தாள். விரல் இடுக்கெல்லாம் சிவந்து, நுனியில் கொப்புளம்.

"பாருங்கக்கா, மருதாணி வெச்சாப்புல இருக்கு" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. பின்னால் வந்த இன்னும் மூன்று பெண்களுக்கும் அதே மாதிரி. சாக்குக்குள் கைவிட்டுத் தைத்தவர்கள் இவர்கள்தான்.

சரோஜா உடனே அருள்தாஸுக்குப் போன் போட்டார். அவர் பேசியது வெளியிலும் கேட்டது.

"கருப்புச் சாக்கா? ஐயய்யோ, அது ஓடு அள்ளுன சாக்கும்மா! கொட்டை ஓட்டுல எண்ண இருக்கு, தோலப் பொசுக்கி எடுத்துடும். அதான் எலிகூட வாய வெக்கல. சூளையில எரிக்கப் போறதும்மா அது, எங்க ஊருல சின்னப் புள்ளகூடத் தொடாதே! தேங்கா எண்ண தடவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

முந்திரிக்காரர் ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் வெங்காயக்காரர் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் பாதி நாள் தூரம்தான்.

சரோஜா பெண்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய், களிம்பு வாங்கிக் கொடுத்து, அவரவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். மற்றவர்கள் சாக்கைத் தொடவே மாட்டோம் என்றார்கள். "கையி போச்சுன்னா சோத்த எப்படிக்கா பெசையறது?" என்றாள் ஒருத்தி. அதற்குள் கிழக்கே இடி இடித்தது.

நான் முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் பதற்றப்படவில்லை. சரோஜா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாருண்ணே?"

அவர் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். "எல்லாவற்றையும் வலையில் போட்டு அனுப்பு. இங்கே நம் கிடங்கில் சாக்கில் மாற்றிக் கொட்டிக்கொள்ளலாம். ஓட்டல்காரர்கள் நம் வாசல் வரைதான் வருவார்கள், வயல் வரை வரமாட்டார்கள்."

அதோடு பிரச்சினை தீர்ந்தது, சரோஜாவின் வெங்காயம் கெடாமல் போய்ச் சேரும் என்றுதான் நான் நினைத்தேன். சரோஜா சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் எதுக்குண்ணே அம்மாந் தூரம் அலைஞ்சேன்? வலையில போனா ஒட்டன்சத்திரத்துலேருந்தும் போவும், கலியபெருமாள் மாமாவும் அனுப்புவாரு, ஒங்க மொதலாளிக்கு நான் என்னாத்துக்கு? சாக்குல போனாத்தான் அந்த ஓட்டலு என் ஓட்டலு. அங்கயே மாத்திக்கறதுன்னா அடுத்த தபா என்கிட்ட எவன் சாக்கு கேப்பான்?"

நான் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை.

அவர் எழுந்து உள்ளே போய், வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி ஒன்றைக் கிழித்து எடுத்துவந்தார். எண்ணெய் தடவிய கையில் பிளாஸ்டிக் பையை உறையாக மாட்டிக்கொண்டார். பிளாஸ்டிக்கை ஒழிக்கப் போன இடத்தில் அதுதான் கையைக் காப்பாற்றியது, வேறு என்ன செய்வது? ஒவ்வொரு சாக்கையும் அவிழ்த்து உள்பக்கம் வேட்டித் துணியால் தேய்த்தார். துணியில் பழுப்பு ஏறினால் ஒரு பக்கம், ஏறாவிட்டால் மறுபக்கம். நானும் கையில் பை மாட்டிக்கொண்டு, சரோஜா பிரித்ததைத் தூக்கிப் போட்டேன். அவர் வீட்டுக்காரர் பட்டறை மேல் தார்ப்பாய் கட்டினார். எண்ணெய்ச் சாக்கில் கிடந்த வெங்காயத்தை மாட்டுக்குக்கூடப் போடவில்லை, குழி வெட்டிப் புதைத்தார்கள். மழை சாயங்காலம் நாலு சொட்டு போட்டுவிட்டு ஜெயங்கொண்டம் பக்கம் போய்விட்டது.

சனிக்கிழமை கன்டெய்னர் வந்தது. நல்ல சாக்கு போதாமல் முக்கால்வாசியைச் சிவப்பு வலையில் கட்டியிருந்தோம். கதவோரம் கால்வாசி, சணல் மூட்டை. ஏற்ற வந்தவர்களில் ஒருவர் மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு, "என்னாங்க, உள்ள கல்லா கருமமா, ஒண்ணும் தெரியலயே" என்றார்.

"எறக்குறவன் பாத்துக்குவான், நீ ஏத்துய்யா" என்றார் சரோஜா. கதவு மூடியதும் என்னிடம், "வலையில போறத வலையிலயே விக்கச் சொல்லுங்கண்ணே. சாக்குல போறத மட்டும் ஓட்டலுக்குக் குடுங்க. கொஞ்சமாத்தான் இருக்கு, இருக்கட்டும்" என்றார். வாயால் சரி என்று சொன்னேன். அது முதலாளி சொல்ல வேண்டிய சரி என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கன்டெய்னர் கிள்ளானுக்கு வந்த அன்று முதலாளி வெறும் சாக்குகளை வாங்கித் தயாராக வைத்திருந்தார். நான் மாற்றிக் கொட்டவில்லை. ஏன் என்று கேட்டார். சரோஜா சொன்னதைச் சொன்னேன். "வெங்காயம் விற்கிறவள் எனக்குச் சட்டம் போடுகிறாளா?" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஓட்டலுக்குப் போன் செய்து, முதல் தடவை என்பதால் கொஞ்சம்தான் சாக்கில் வந்திருக்கிறது என்றார். இருப்பதைத் திங்கட்கிழமை அனுப்புங்கள், நன்றாக இருந்தால் அதே இடத்திலிருந்து மேலும் எடுக்கிறோம் என்று பதில் வந்தது. சமையல்கட்டில் எத்தனை பேர் அந்தச் சாக்குக்குள் கை விடுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வேட்டித் துணி எவ்வளவு தூரம் நம்பகமானது என்று எனக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே நீங்கள் அம்மாவோடு ராத்திரிச் சந்தைக்கு, பசார் மாலாமுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தீர்கள். சீக்கிரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிடங்குக்குப் போனேன். யாரும் இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். முதல் சாக்கின் வாய்த் தையலைப் பிரித்து, கையைத் தோள் வரை உள்ளே விட்டு, அடியில் துழாவி, சாக்கின் உள்பக்கத்தில் முழங்கை மடிப்பை அழுத்தித் தேய்த்தேன். பிறகு வாயைத் தைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். இடது கை எரிந்தால் எந்தச் சாக்கு என்று குழம்பக்கூடாது என்று வரிசைக்கு ஒரு கையாக மாற்றிக்கொண்டேன். கடைசி மூட்டையைத் தைத்து முடித்ததும், எண்ணெய் இருந்தால் விடிவதற்குள் தெரியட்டும் என்று கையைக் கழுவவில்லை. பசார் மாலாமில் நீங்கள் இருவரும் கையைப் பிடிக்க வந்தபோது அதனால்தான் விலகி நடந்தேன்.

மறுநாள் விடியுமுன் எழுந்து, குளியலறை விளக்கைப் போட்டு, இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வலது முழங்கைக்குக் கீழே ஒரு கொசுக்கடி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு லாரி ஏற்றப் போனேன்.